கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சேலம்

அன்புடையீர், வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டிருந்த பெண், இந்த மாதம் முதல் ஒரு மறுவாழ்வு மையத்தின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். குடிநோயிலிருந்து மீளும் பெண்களுக்குச் சேலத்தில் துணை நிற்கும் எங்களிடம் எல்லோரும் கேட்பது, "எப்படி மீண்டு வந்தாங்க?" என்பதுதான். யார் யார் எந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று சொன்னால்தான் அதற்குப் பதில் முழுமையாகும். அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளம்.

முதல் வணக்கம், எட்டு ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் அக்காவைப் பார்த்த மருத்துவருக்கு. தாய்வீட்டுக்கு வந்திருந்த அக்கா வயிற்றெரிச்சலுக்கும் கைநடுக்கத்துக்கும் ஏற்கெனவே பல இடங்களில் மருந்து வாங்கியிருந்தார். குடிக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லை, பெண் என்பதால் கேட்கத் தோன்றவில்லை. நாட்டில் 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் ஆண்கள் 27.3 விழுக்காடும் பெண்கள் 1.6 விழுக்காடும் குடிக்கிறார்கள் என்கிறது 2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு. விழுக்காடு சிறியது என்பதால் மருத்துவர் மனதிலும் அந்தக் கேள்வி எழாமல் போகிறது. இந்த மருத்துவர் வீட்டாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, குடிப்பழக்கத்தின் அளவை அறிய உதவும் ஆடிட் (AUDIT) என்ற பத்துக் கேள்விகளையும் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டார். மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டும். பெண் உடம்பில் நீர் குறைவு என்பதால் அதே அளவு மது இரத்தத்தில் கூடுதலாக ஏறும், ஈரலும் சீக்கிரம் கெடும். அக்காவுக்கு அப்போதே ஈரல் கெட்டிருந்தது.

அன்று அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், "இன்னையிலிருந்து நிறுத்திடும்மா" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாதது. தினமும் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் மனக்குழப்பமும் காய்ச்சலும் இல்லாததைக் காண்பதும் சேர்ந்து வரலாம், அது உயிரையே எடுக்கும். மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஓடும் பேருந்தில் வலிப்பு வந்தால் யார் என்ன செய்ய முடியும்? கடைசியாகக் குடித்த நேரத்தைச் சீட்டில் எழுதி 108-இல் ஏற்றிவிட்டார். அந்தச் சீட்டை வைத்துத்தான் வார்டில் அடுத்த ஐந்து நாளையும் திட்டமிட்டார்கள்.

வார்டு சிஸ்டர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. குளுக்கோஸ் பாட்டில் மாட்டுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போனதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் கேட்டுக்கொண்டார்கள். சாப்பாடு இல்லாமல் குடித்த உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படும், நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் என்று பத்துக் குறிகளுக்கு மதிப்பெண் போட்டு, ஏறினால் மருந்து, இறங்கினால் குறைப்பு. ஈரலை நினைத்து லிப்ரியம் மாத்திரைக்குப் பதில், அதே தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த லோராசெபாம் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். வீட்டுக்கு அதில் ஒரு மாத்திரைகூடக் கொடுத்தனுப்பவில்லை. மதுவை விட்டவர் தூக்க மாத்திரைக்கு அடிமையாவது அடிக்கடி நடப்பது, பெண்களிடம் இன்னும் அதிகம் பார்க்கிறோம்.

அக்காவின் குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. அதே சட்டம், தனக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதியை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. கணவர்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டையும் அக்காவுக்கு எடுத்துச் சொல்லி, தங்கையின் பெயரை எழுதவைத்த சமூகப் பணியாளருக்கு நன்றி. பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்திலேயே பல பெண்கள் சிகிச்சைக்கு வருவதில்லை.

மருந்துக்கடை அண்ணனின் உதவி பலருக்குத் தெரியாது. உறவினர் ஒருவர், "சோத்துல கலந்து குடுக்கிற மாத்திரை குடுங்க" என்று கேட்டு வந்தார். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைத்தான் அப்படிக் கேட்பார்கள். சாப்பிடுபவருக்குத் தெரியாமல் அதைக் கொடுத்து, அவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். ஈரல் கெட்டவருக்கு அது கூடவே கூடாது. சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று அண்ணன் மறுத்ததோடு, மருத்துவருக்கும் போன் செய்து சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட். சிறுநீரகப் பரிசோதனை முடிந்த பிறகு, 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை. ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை என்றால் மதிய வேளைதான் முதலில் தவறும். பட்டறை முதலாளி மதியச் சாப்பாட்டோடு அந்த இரண்டையும் நினைவுபடுத்தினார், வேறு எதையும் கேட்கவில்லை. சனிக்கிழமை கையில் கொடுத்த கூலியை வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தார். மாமியார் அம்மா காலை, இரவு மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டார். கண்காணிக்கும் பேச்சு இல்லை, பையைத் துழாவியதும் இல்லை. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் ஒன்று முகத்தில் தெரிந்தால் முதலில் ஒரு தட்டு சோறு போடுவார். குடிக்கும் உந்துதல் பெரும்பாலும் அரைமணிக்குள் தணிந்துவிடும், அந்த அரைமணிக்கு ஆள் வேண்டும். அவருக்கு எங்கள் தனி வணக்கம்.

ஐந்தாம் மாதம் அக்கா மீண்டும் குடித்தார். இதை மறைக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியது ஒரு காரணம், உறவினர் கல்யாண வீட்டில் தங்கியது இன்னொன்று. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவின் கூட்டத்துக்கு மறுநாளே வரவைத்த தோழிக்கு நன்றி. திட்டவில்லை, அழவில்லை. எந்த நேரம், யார் ஊற்றியது, அதற்கு முந்தின மூன்று நாள் தூக்கம் எப்படி என்று கேட்டு எழுதவைத்தார்.

அக்கா இன்றைய இடத்துக்கு வர எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி என்று நாங்கள் நினைப்பது, அவரைக் காக்கவைத்தவர்கள் செய்தது. மீண்டு வந்த பெண் நன்றாகப் பேசினால் உடனே மேடையேற்றிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படி ஏற்றிவிடப்பட்டுச் சரிந்தவர்கள் உண்டு. மையத்தின் மூத்த ஆற்றுநர் (கவுன்சிலர்) அம்மா, இரண்டு ஆண்டு மது இல்லாமல் இருந்த பிறகுதான் நோயாளிகளோடு உட்கார விட்டார். அதுவரை பதிவேடு, தேநீர், வீடு திரும்பியவர்களுக்குத் தொலைபேசி விசாரிப்பு. பிளஸ் டூவோடு நின்ற படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் தொடரவைத்து, பட்டமும் சமூகப் பணியில் முதுகலையும் முடிக்கவைத்தார். எம்.ஃபில். இல்லாமல் மனநலச் சமூகப் பணியாளர் என்று போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது என்று சொல்லி, ஆற்றுநர் என்று மட்டும் கையெழுத்திடப் பழக்கியதும் அவர்தான்.

அவர் போட்ட விதிகளை அக்கா இன்றும் மீறுவதில்லை. முதல் சந்திப்பில் சொந்தக் கதை கிடையாது. பிறகும், எதிரில் இருப்பவருக்கு உதவும் என்றால் மட்டும் இரண்டு நிமிடம். சொந்த எண் தருவதில்லை, கடன் தருவதில்லை, உறவினரைத் தன் நோயாளியாக எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை மனநல மருத்துவரோடு எல்லாக் கேஸ்களையும் அலசுவது. தன்னிடம் எந்த மூன்று அறிகுறி தெரிந்தால் வேலையிலிருந்து விலக்கி ஓய்வு தர வேண்டும் என்று அக்காவே எழுதிய தாள் நிர்வாகத்திடம் இருக்கிறது. அந்த ஓய்வுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்ட நிர்வாகிகளுக்கு நன்றி. பொறுப்பில் இருப்பவருக்கும் நோய் திரும்பலாம் என்று ஒத்துக்கொள்ளும் இடத்தில்தான் அவர் அதை மறைக்காமல் இருப்பார்.

கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். அப்படி ஒரு பெண் முன்னின்று தொடங்கிய துறையிலேயே, பெண் நோயாளிக்கு இன்னும் தனி நடைவழி கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அக்கா கேட்டதும் தனி வாசல் திறந்துவிட்டார்கள். கூட்டம் மாலை ஏழு மணியிலிருந்து, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலை பதினொன்றுக்கு மாறியது. நினைவூட்டும் குறுஞ்செய்தியில் மையத்தின் பெயர் வராது, நாளும் நேரமும் மட்டும் வரும். இதையெல்லாம் சலிக்காமல் மாற்றிக் கொடுத்த அலுவலகத் தம்பிக்கும், நள்ளிரவில் தமிழில் பேசும், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இன் ஆற்றுநர்களுக்கும் நன்றி.

பாராட்டு விழா வைக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். அக்காவுக்குப் பொன்னாடையும் பிளெக்ஸும் வேண்டாமாம். அந்தப் பணத்தில் கூட்ட அறைக்குக் குழந்தைகள் படுக்க நான்கு பாய், கேஸ் ஃபைல்கள் வைக்கப் பூட்டோடு ஓர் இரும்பு அலமாரி வாங்கித் தந்தால் போதும் என்றார். பாய் வந்துவிட்டது. அலமாரிக்கு இன்னும் கொஞ்சம் சேர வேண்டும்.

நன்றியுடன்,
துணை நிற்கும் தோழியர்