எலிகாட் சிட்டியின் மேட்டு வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு,

வணக்கம். நானும் மேட்டில் குடியிருப்பவன்தான். மழை பெய்தால் என் வீட்டுக் கூரைத் தண்ணீரும் பள்ளத்திலுள்ள மெயின் தெருவுக்குத்தான் இறங்குகிறது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், 1772-இல் எலிகாட் சகோதரர்கள் மாவு ஆலை அமைத்த ஊர் இது. பால்டிமோரிலிருந்து போட்ட இருப்புப்பாதை 1830-இல் முதன்முதலில் வந்து நின்ற இடமும் இதுதான். அந்தக் கருங்கல் ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் எஞ்சியுள்ளவற்றில் அதுவே மிகப் பழையது.

ரயில் பாலத்தருகே பழைய வெள்ளங்களின் மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1868-ஆம் ஆண்டின் குறியைப் பார்க்க அண்ணாந்தாக வேண்டும். அந்த வெள்ளமும், 1972-இல் ஆக்னஸ் புயலோடு வந்ததும், படாப்ஸ்கோ ஆறு பெருகிக் கீழிருந்து ஏறியவை. 2016 ஜூலை 30 அன்று வந்ததோ மேலிருந்து வந்தது. இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 6 அங்குல மழை. டைபர், ஹட்சன் ஓடைகள் நம் பக்கத்துச் சரிவுகளிலிருந்து பாய்ந்து தெருவையே ஓடையாக்கின. இருவர் மாண்டனர். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்றார்கள். 22 மாதங்களுக்குள், 2018 மே 27 அன்று, மறுபடியும் வந்தது. இன்னோர் உயிர் போனது. தெரு முனையில் கம்பத்தில் நின்ற கடிகாரத்தை இரண்டு வெள்ளமும் அடித்துச் சென்றன.

அவ்வளவு மழைக்குக் காடே இருந்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும் என்று நம்மில் பலர் சொல்கிறோம். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் தார் போட்ட முற்றம் ஒரு சொட்டையும் உறிஞ்சாது. அதைவிட மோசம், நாம் ஓடைக்கரையில் கொட்டுவது. போன இலையுதிர் காலத்தில் என் வீட்டுக்குப் பின்னால் இறங்கிப் பார்த்தேன்: வெட்டிய கிளைகள், புல் மூட்டைகள், உடைந்த வேலிப் பலகை ஒன்று. பாதியை நானே போட்டிருந்தேன். வெள்ளத்தில் இவைதான் சிறுபாலங்களின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட தண்ணீர் சாலையில் ஏறுகிறது.

மாவட்ட நிர்வாகம் மலையைக் குடைந்து சுரங்கக் கால்வாய் அமைக்கும் திட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறது. அது வேண்டும். ஆனால் அதைக் காட்டி நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் வேலிக்கு அப்பால் ஓடை ஓடினால், கோடை மழைக்கு முன் கரையைச் சுத்தம் செய்யுங்கள். மழைநீர்த் தேக்கக் குளம் உங்கள் தெருவில் வரப்போகிறது என்றால், தயவுசெய்து எதிர்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கரையைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் மண்வெட்டியோடு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மேட்டுத் தெருவாசி ஒருவன்