கணக்கில் சேர்க்கக் கூடாத செலவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். மூன்று கிழமைக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்தது. வெளிநாடுகளில் சாதாரண வேலை பார்ப்பவர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மலிவு விலைக்கு வாங்கி மணிக்கணக்காகப் பந்தயம் ஓட்டுவதைப் பற்றியது. காசு மிஞ்சியவர்களின் பைத்தியம் என்கிற மாதிரி அதை முடித்திருந்தார்கள். போன கிழமை வாசகர் ஒருவரும் அதை ஆமோதித்து, ஓட்டைக் காருக்குக் கொட்டும் காசில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம் என்று எழுதியிருந்தார். நான் பாலையூற்றில் முப்பத்திரண்டு வருடமாகக் கராஜ் வைத்திருப்பவன். அப்படி ஒரு காரை என் கையாலேயே பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அந்தக் காசு எதற்குப் போகிறது என்று கட்டுரையிலும் இல்லை, கடிதத்திலும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2018 வைகாசியில் தங்கச்சி குடும்பத்தைப் பார்க்கக் கனடா போனேன். மருமகனும் அவனுடைய மூன்று சிநேகிதர்களும் சேர்ந்து 1990 ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடிக்கக்கூடிய சின்னக் கார். எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. விலை 1,200 கனேடிய டொலர். கூரைத் துணி கிழிந்து, ஆசனம் நனைந்து, கதவுக்குக் கீழே இரும்பு உக்கிப் போயிருந்தது. "மாமா, இது எட்டு மணித்தியாலம் ஓடுமா?" என்று கேட்டான். பொனட்டைத் திறந்து பார்த்ததும் எனக்கு உறவுக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. 1.6 லீற்றர் பி6 எஞ்சின். நம்மூரில் நான் எத்தனையோ தரம் இறக்கி ஏற்றிய மஸ்டா பமிலியா, ஃபோர்ட் லேசர் எஞ்சின்களின் அதே வம்சம். போன இரண்டாம் நாளே தங்கச்சி வீட்டுக் கார்க் கொட்டகைக்குள் இறங்கிவிட்டேன். ஐந்து மாதம் அங்கேதான்.

இந்த வகைப் பந்தயத்தில் பெயர்பெற்றது அமெரிக்காவில் 2006 இல் தொடங்கிய '24 அவர்ஸ் ஒஃப் லெமன்ஸ்'. பிரான்சில் 1923 முதல் நடக்கிற லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தின் பெயரையும், உருப்படாத காரை 'லெமன்' என்று ஆங்கிலத்தில் சொல்வதையும் சேர்த்து வைத்த பெயர். காரின் பெறுமதி 500 டொலரைத் தாண்டக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. ஆனால் அந்த 500 டொலர்க் கணக்கில் பாதுகாப்புச் சாமான் எதுவும் சேராது. இரும்புக் கூடு, ஆசனம், பெல்ட், தீயணைப்பான் எல்லாம் கணக்குக்கு வெளியே. பிறேக்கும் ரயரும்கூட வெளியே. வேகத்துக்குச் செலவழிப்பதற்கு வரம்பு, உயிரைக் காப்பதற்குச் செலவழிப்பதற்கு வரம்பே இல்லை. மருமகன் ஓடிய போட்டி வேறு, ஆனால் போக்கு அதேதான். இந்த விதியை முதல் முதல் அவன் வாசித்துச் சொன்னபோது நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1,200 டொலர்க் காருக்கு ஏறக்குறைய 6,000 டொலருக்குப் பாதுகாப்புச் சாமான் வாங்கினார்கள். பிறேக்குக்கும் ரயருக்கும் இன்னொரு 1,500. எஞ்சினின் வலுவைக் கூட்ட ஒரு சதமும் இல்லை. நாலு பேரும் பங்கு போட்டு, இரண்டு வருடம் சேர்த்த காசு.

முதலில் இரும்புக் கூடு. கார் உருண்டால் ஓட்டுபவரின் தலை நிலத்தில் படாமல் காப்பது அதுதான். ஒன்றரை அங்குலக் குழாய், பொருத்து இல்லாமல் இழுத்த வகை. நான் வெல்டிங் வேலை தெரிந்தவன், கேற்றும் லொறிச் சட்டமும் எவ்வளவோ ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கூட்டை அதற்கென்றே இருக்கிறவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அந்த மனிதர் குழாயைத் தொடவே இல்லை, முதலில் சுத்தியலால் காரின் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். உக்கிய இடத்தில் சத்தம் மாறும். கூட்டின் கால்கள் நிற்பது அந்தத் தகட்டில், தகடு உக்கியிருந்தால் கூடு எவ்வளவு பலமாக இருந்தும் பிரயோசனமில்லை. அங்கே பனிக்காலத்தில் தெருவில் கொட்டுகிற உப்பு தின்கிறது, இங்கே கடற்காற்று. நிலாவெளிக் கரையில் நிற்கிற வான்களின் அடியைக் குனிந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உக்கியதையெல்லாம் வெட்டியெடுத்துப் புதுத் தகடு போட்டு, அதன்மேல் அகலமான பிளேட் வைத்து, அதற்குப் பிறகுதான் கூட்டின் கால் இறங்கியது. இதற்கு மட்டும் இரண்டு கிழமை.

அடுத்தது தும்புத்தடிச் சோதனை. ஓட்டுபவர் தலைக்கவசத்தோடு ஆசனத்தில் இருக்க, கூட்டின் பின்வளைவுக்கும் முன்வளைவுக்கும் மேலாக ஒரு தும்புத்தடியை வைப்பார்கள். தடிக்கும் தலைக்கவசத்துக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இருக்கவேண்டும். மருமகன் ஆறடி. கவசம் தடியில் முட்டியது. ஆசனத்தின் கீழிருந்த தண்டவாளத்தைக் கழற்றி எறிந்து நேரே தரையில் பூட்டினோம். அப்படிப் பூட்டினால் கட்டையான சிநேகிதனுக்குப் பெடல் எட்டாது, அவனுக்கென்று முதுகுக்கு வேறாக ஒரு பஞ்சணை வெட்டினோம். ஒரே ஆசனத்தில் நாலு பேர் மாறி மாறி இருக்கவேண்டிய பந்தயம். நாலு உடம்புக்கும் பெல்ட் இறுகவேண்டும்.

பெல்ட்டில் திகதி அச்சிட்டிருக்கும். அது கடந்தால், பார்வைக்குப் புதுசாக இருந்தாலும் பரிசோதகர் விடமாட்டார். வெயிலில் நார் இற்றுப்போகும். தோளில் வைத்துத் தலைக்கவசத்தோடு கொளுவுகிற கழுத்துத் தாங்கி இன்னொன்று. கார் மோதி நிற்கும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றுமில்லை. 2001 பெப்ரவரியில் டேட்டோனா பந்தயத்தில் பெயர்பெற்ற ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பாகம் முறிந்துதான் இறந்தார். அந்த வருடமே அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் இந்தத் தாங்கி கட்டாயமானது. மருமகன் அதை முதல் நாள் போட்டபோது தங்கச்சி நெடுநேரம் அவனுடைய கழுத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

மின்சாரத்தை ஒரேயடியாக வெட்டும் சுவிட்ச் ஒன்றும் பூட்டவேண்டும். அதில் நானே பிழை விட்டேன். பற்றறி வயரை மட்டும் அதன் வழியாகக் கொண்டுபோனேன். எஞ்சின் ஓடும்போது சுவிட்சைத் திருப்பினால் எஞ்சின் நிற்கவில்லை! பற்றறி இல்லாமலே அல்டர்நேட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. தீப்பிடித்த காரில் பெற்றோல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். இக்னிஷனையும் அதே சுவிட்சின் வழியாகக் கொண்டுபோய்த் திருத்தினேன். முப்பது வருட அனுபவம் இருந்தும் அதைச் சோதித்துப் பார்த்திருக்காவிட்டால் எனக்குத் தெரிய வந்திராது.

எஞ்சினைப் பற்றி எழுதத் தொடங்கினால் உங்கள் பக்கம் போதாது. ஒன்றை மட்டும் நம்மூர் மெக்கானிக்மாருக்காகச் சொல்கிறேன். பமிலியாவில் குறுக்காக இருந்த எஞ்சினை இந்தக் காரில் நெடுக்காகத் திருப்பி வைத்தபோது, தண்ணீர் உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் முன்பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். அதனால் கடைசி, நாலாம் சிலிண்டருக்குத் தண்ணீரோட்டம் குறைவு, முதலில் காய்வது அதுதான். நாம் இங்கே கார் காய்கிறது என்றதும், தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் திறந்து மூடுகிற தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, வெயில் நாட்டுக்கு இது எதற்கு என்கிறோம். நானும் நூறு காரிலாவது கழற்றியிருப்பேன். அங்கே அதைப் புதிதாகப் போட்டோம். பிளாஸ்டிக் தலை பழுப்பேறிப் போயிருந்த பழைய றேடியேற்றரை எறிந்துவிட்டு அலுமினிய றேடியேற்றர் வைத்தோம். பக்கத்து இடைவெளிகளை ஸ்பொஞ்சால் அடைத்து, வருகிற காற்று முழுவதும் றேடியேற்றருக்கு ஊடாகவே போகும்படி செய்தோம். வெப்பமானியின் முள் நடுவில் நின்றபடியே ஏமாற்றும் என்பதால் வேறு மானியும், கண்ணில் அடிக்கிற மாதிரி ஒரு சிவப்பு லைற்றும். இரண்டாவது மணித்தியாலத்தில் களைத்துப்போனவன் முள்ளைப் பார்க்கமாட்டான், லைற்றைத்தான் பார்ப்பான். பாதையில் சிந்தினால் வழுக்கும் என்று கூலண்ட் விடவில்லை, தண்ணீர்தான்.

பிறேக் ஒயிலை முழுவதும் மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்கிற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் குமிழி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரிப் போகும். கடலோரத்தில் வாழும் நாம் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதே ஒயிலோடு ஓடிக்கொண்டிருக்கிறோம்.

புரட்டாசியில் பந்தயம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே மொஸ்போர்ட் ஓடுபாதை, 1961 இல் திறந்தது, கனடாவின் முதல் ஃபோர்முலா 1 பந்தயம் 1967 இல் நடந்த இடம். ஒரு சுற்று ஏறக்குறைய 4 கிலோமீற்றர், மேடும் பள்ளமுமாகப் பத்து வளைவு. எங்கள் கார் 212 சுற்று ஓடியது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு மூன்று தரம் போகிற தூரத்துக்கும் மேல். ஐந்தாவது மணித்தியாலத்தில் கார் எனக்கு முன்னால் போகும்போது முன்சில்லிலிருந்து ஒரு முனகல் கேட்டது. யாரும் நம்பவில்லை, கூப்பிடச் சொன்னேன். வலது பெயாரிங் ஆடிக்கொண்டிருந்தது. முதல் நாளே ஹப் ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தபடியால் 22 நிமிடத்தில் மாற்றி அனுப்பினோம். ஒவ்வொரு நட்டையும் இறுக்கிய பிறகு மஞ்சள் பெயின்றால் கோடு போட்டிருந்தேன், கோடு விலகினால் நட்டுத் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எட்டு மணித்தியாலத்தில் ஒரு கோடும் விலகவில்லை. எத்தனையாவதாக வந்தோம் என்று அன்றிரவு யாருமே கேட்கவில்லை. நாலு பிள்ளைகளும் தங்கச்சி காய்ச்சிய ஒடியற்கூழைக் குடித்துவிட்டு உடுப்போடு நித்திரையாகிவிட்டார்கள்.

ஸ்பானரைக் கீழே வைத்ததைச் சொல்கிறேன். அதற்கு ஆறு வருடத்துக்கு முன், எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் ஃபோர்ட் லேசர் ஒன்றோடு வந்தான். அலோய் சில்லும் அகல ரயரும் பெரிய சைலன்சரும் பூட்டவேண்டும் என்றான். முன் பிறேக் ஹோஸ், அதாவது சில்லுக்குப் பிறேக் ஒயில் போகிற றப்பர்க் குழாய், வெடிப்பு விட்டிருந்ததைக் காட்டினேன். காசு முடிஞ்சுது அண்ணை, அடுத்த மாசம் பார்ப்பம் என்றான். சரி என்று சில்லைப் பூட்டிவிட்டேன். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் அந்த அகல ரயர் ஹோஸில் உரசும் என்பதை நான் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் உவர்மலை இறக்கத்தில் ஹோஸ் அறுந்தது. மற்றப் பக்கப் பிறேக் மட்டும் பிடித்து, கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மதிலில் மோதியது. பெல்ட் போடவில்லை. உயிர் தப்பினான், இடுப்பெலும்பு முறிந்து இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறான். என்னைக் கண்டால் அவன் சிரிப்பான், எனக்குச் சிரிப்பு வராது. அன்றைக்கு ஹோஸைக் கணக்கில் சேர்க்காமல் என் காசிலேயே போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகி 7 பேர் இறந்ததற்குப் பிறகு, பந்தயம் என்ற சொல்லே வேண்டாம் என்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அந்தத் துயரத்துக்கு முன்னால் நான் வாதாட வரவில்லை. திருகோணமலையில் பந்தயம் வை என்று கேட்கவும் இல்லை. ஆனால் உப்புவெளியிலிருந்து சாம்பல்தீவுப் பாலம் வரை பின்னேரங்களில் தெருவில் நடக்கிற போட்டி ஓட்டத்துக்குத் தும்புத்தடியும் இல்லை, பரிசோதகரும் இல்லை, பெல்ட்டின் திகதியும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாம் பழைய வண்டிகளைத்தான் ஒட்டி ஒட்டி ஓட்டினோம். பழைய காரைப் பத்திரமாக ஓட வைப்பது எப்படி என்பது எங்களுக்கு அன்றாடச் சோற்றுப் பிரச்சினை.

அதனால் ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வாகனப் பக்கத்தில் குதிரைவலுவும் உச்ச வேகமும் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் பிறேக் ஒயிலை எப்போது மாற்றவேண்டும், ஹோஸை எப்படிப் பார்க்கவேண்டும், ரயரின் திகதியை எங்கே வாசிக்கவேண்டும் என்று இரண்டு வரி போடுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் நான் தருகிறேன்.

திருகோணமலைத் தம்பிமாருக்கும் ஒன்று. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலையில், பாலையூற்றில் என் கராஜுக்குக் கார், மோட்டார் சைக்கிள், ஆட்டோ எதைக் கொண்டுவந்தாலும் பிறேக் ஹோஸையும் ஒயிலையும் பார்த்துச் சொல்வேன். பார்ப்பதற்குக் காசு இல்லை. ஹோஸ் மாற்ற வேண்டியிருந்து கையில் காசில்லையென்றால் சாமானை நான் போடுகிறேன், இருக்கும்போது தாருங்கள். சைலன்சர் பூட்டுகிற வேலை அன்றைக்கு இல்லை.

இப்படிக்கு,
கராஜ்காரர் ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.