கேலிச்சித்திரத்தை மட்டும் கத்தரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க நூலகங்கள் பத்திரிகைகளை மைக்ரோபிலிமில் படமெடுத்துவிட்டு மூலப்பிரதிகளைக் கழித்துக்கொண்டிருந்த காலத்தில், கேலிச்சித்திரச் சேகரிப்பாளர் பில் பிளாக்பியர்ட் 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அமைப்பைத் தொடங்கி அவற்றைச் சேர்த்தார். 1998இல் அந்தச் சேகரிப்பு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பெரிய லொறிகள் தேவைப்பட்டன. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரக்காரர் அவுட்கோல்ட் வரைந்த 'மஞ்சள் பையன்' என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தின் மஞ்சள் அங்கியே சாம்பல் நிறமாகிவிடும். மூலத்தாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

மலையகத்து வாசிகசாலைகளிலும் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டுகள் கிடக்கின்றன. பத்திரிகைத்தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுப்பேறும்; அமிலம் கூடக்கூட மடிப்பிலேயே தாள் நொறுங்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பனிமூட்டமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆகவே கட்டுகளைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அமிலமற்ற அட்டைப்பெட்டியில், மடிக்காமல், படுக்கையாக அடுக்குங்கள். கிழிசலுக்கு செலோடேப் கூடவே கூடாது; பசை தாளுக்குள் இறங்கித் தேன்நிறக் கறையாகும், பிறகு எடுக்க முடியாது. நனைந்த பக்கங்களை வெயிலில் போடாமல், இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்துங்கள்.

முக்கியமாக, சித்திரத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். திகதியும் பக்கத்துச் செய்தியும் போய்விட்டால், யாரைக் கேலி செய்தது என்பதே பின்னால் வருபவர்களுக்கு விளங்காது. முழுப் பக்கத்தையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, பத்திரிகைப் பெயர், திகதி, பக்க எண்ணைப் பென்சிலால் உறையில் குறியுங்கள்.

வாசகர்,
ஹட்டன்