வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணனையும் விக்ராந்த் கப்பலையும் நினைவுகூர்ந்து நாகர்கோவிலில் தமிழ்க் கல்வெட்டு வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் கடற்படை மாலுமி (பாய்லர் அறைப் பிரிவு),
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஐ.என்.எஸ். விக்ராந்த் ஆற்றிய பணியையும், அதை வழிநடத்திய நாகர்கோவில்காரரையும் நம் ஊரில் பதிவு செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இந்தியக் கடற்படையில் பதினைந்து ஆண்டுகள் பாய்லர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விக்ராந்தில் பணிபுரியும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. ஆனால் அதில் இருந்தவர்களோடு மெஸ்ஸில் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன், அவர்கள் கதைகளைக் கேட்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கோரிக்கையை ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். "இது எங்கள் துறை இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தத் துறை என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் நேராகத் தங்களிடமே வந்திருக்கிறேன்.

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் எடுத்த படத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மேசையில் பாகிஸ்தான் படைத் தளபதி ஜெனரல் நியாசி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் இந்தியப் படைத் தளபதி ஜெனரல் அரோரா. பின்னால் நிற்கும் அதிகாரிகளில் கடற்படைச் சீருடையில் இருப்பவர் கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்போது இது திருவிதாங்கூர். படம் ஊரெல்லாம் இருக்கிறது. அவர் நம்ம ஊர்க்காரர் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு பலகை என் கண்ணில் பட்டதில்லை.

அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் விக்ராந்த். இலகுரக விமானம் தாங்கிக் கப்பல் என்ற வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்காக 1943-ல் பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. பாதிக் கப்பலாகவே பத்து ஆண்டுகளுக்கு மேல் கிடந்ததை 1957-ல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் முழுமையாக்கி, 1961 மார்ச் 4 அன்று விக்ராந்த் என்று பெயர் சூட்டிப் படையில் சேர்த்தது. 1965 போரின்போது அது பம்பாயில் பழுதுபார்ப்பில் இருந்தது. அதிலிருந்து ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. அதை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் அறிவித்ததும், கடற்படைக்காரர்கள் அந்தப் பேச்சை ஆறு ஆண்டுகள் சுமந்ததும் பழைய கதை.

அப்புறம் 1970-ல் இன்னொரு சோதனை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் இது என் தொழில். கப்பலை ஓட்டும் நீராவியைத் தருவது நான்கு பாய்லர்கள். அவற்றில் ஒன்றின் தண்ணீர் டிரம்மில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. டிரம் என்பது பாய்லரின் அடியில் தண்ணீரைத் தாங்கும் தடித்த எஃகு உருளை. அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கரைப் பல நூறு மடங்கு பெரிதாக்கி, அதன் உடம்பில் கீறல் விழுந்ததாக நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவனுக்குத்தான் அதன் பயம் தெரியும். இந்தியாவில் அதைச் சரிசெய்ய வழியில்லை. புது டிரம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு நேரமும் இல்லை. எனவே அந்த பாய்லரை அணைத்துவிட்டு மூன்றை வைத்தே கப்பலைப் போருக்கு அனுப்ப முடிவானது. அன்றைய கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் நந்தா இதில் பிடிவாதமாக இருந்தார். 1965 போல இந்த முறையும் கப்பல் துறைமுகத்திலேயே கிடந்தால் இனி விமானம் தாங்கிக் கப்பல் எதற்கு என்று நாடே கேட்கும் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று பாய்லர் என்றால் வேகம் குறையும் என்பது யாருக்கும் புரியும். 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் போகக் கட்டிய கப்பல் ஏறக்குறைய 16 நாட் வேகத்தில் ஓடியது. ஆனால் விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேகம் என்பது போய்ச் சேருவதற்கு மட்டும் அல்ல. கப்பல் காற்றை எதிர்த்து ஓடினால்தான் தளத்தின் மேல் போதுமான காற்று வீசும், விமானம் எழும்பும். விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபல்ட்டுக்கும் அதே பாய்லரிலிருந்துதான் நீராவி போக வேண்டும். மேலே விமானி பறக்கிறான் என்றால் கீழே வெக்கையில் ஒருவன் நீராவி குறையாமல் பார்த்துக்கொள்கிறான். பதக்கப் பட்டியலில் அந்தக் கீழே இருப்பவனை அதிகம் பார்க்க முடியாது. சரி, அது வேறு மனுவுக்கு.

வேகம் குறைந்த கப்பலை மேற்கே, பாகிஸ்தானின் நீர்மூழ்கிகளும் விமானங்களும் நெருங்கியிருக்கும் இடத்தில் விடுவது ஆபத்து. வங்கக் கடலில் அந்த அச்சுறுத்தல் குறைவு. அதனால் விக்ராந்த் கிழக்கே வந்தது. அதைத் தேடி 1971 நவம்பர் 14 அன்று காஜி என்ற நீர்மூழ்கி கராச்சியிலிருந்து புறப்பட்டது. அமெரிக்காவிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற கப்பல் அது. அங்கிருந்து வங்கக் கடல் வரை வந்து தேடும் தூரமும் தாங்கும் சக்தியும் அதற்கு மட்டும்தான் இருந்தது.

இங்கேதான் நம் மாநிலமும் கதைக்குள் வருகிறது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானின் வடக்கே ஒரு மறைவான நங்கூரமிடத்துக்கு அனுப்பிவிட்டு, அது சென்னைக்கு வருவதாக ஊரைக் கூட்டினார். சென்னையில் இருந்த கடற்படை அதிகாரியிடம் கப்பலுக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னார். விசாகப்பட்டினத்தில் ஒரு விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேண்டிய அளவுக்கு இறைச்சியும் காய்கறியும் வாங்கச் சொன்னார். சந்தையில் காது வைத்திருப்பவர்கள் இருப்பார்கள் என்ற கணக்கு. ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் போல வேஷம் கட்டி ரேடியோவில் பேச வைத்தார். உடல்நிலை மோசமான தன் தாயாரைப் பற்றி ஒரு மாலுமி விசாரிப்பதாக, ரகசியக் குறியீடு இல்லாமல் ஒரு தந்தி வேறு. எதிரி ஒட்டுக்கேட்கட்டும் என்றே அனுப்பியது. இதையெல்லாம் அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

காஜி முதலில் சென்னைக்கு அப்பால் தேடியது. பிறகு விசாகப்பட்டினம் போனது. டிசம்பர் 3-4 நள்ளிரவில் அங்கே மூழ்கியது. அதில் இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் தப்பவில்லை. ராஜ்புத்தின் குண்டா, காஜியே விதைத்த கண்ணிவெடியா, உள்ளே நடந்த வெடிப்பா என்று இன்றும் இரண்டு தரப்பும் வாதாடுகின்றன. நான் கேட்கும் கல்வெட்டில் அந்த வாதம் ஏற வேண்டாம். இறந்தவர்களும் மாலுமிகள்தான்.

1914-ல் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டனுக்கு உயர் நீதிமன்றச் சுவரில் கல் இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று நாம் பேச்சிலேயே அதை வைத்திருக்கிறோம். சென்னையின் பெயரைத் தூண்டிலாக வைத்து எதிரியை அலைய விட்ட நம் ஆளுக்குச் சொந்த ஊரில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

டிசம்பர் 4 காலையில் விக்ராந்த்திலிருந்து எட்டு சீஹாக் விமானங்கள் கிளம்பி, கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், இருந்த காக்ஸ் பஜார் விமானத் தளத்தைத் தாக்கின. அதே நாளில் சிட்டகாங். அடுத்த நாட்களில் குல்னா, மோங்லா என்று துறைமுகம் துறைமுகமாகத் தாக்குதல் தொடர்ந்தது. அலிசே விமானங்கள் இரவிலும் போய்க் குண்டு வீசின. கிழக்குப் பாகிஸ்தான் படைக்குக் கடல் வழியாக உதவி வரவும் முடியவில்லை, அவர்கள் கடல் வழியாகத் தப்பவும் முடியவில்லை. எதிரி சுட்டதில் ஒரு சீஹாக்கைக்கூடக் கப்பல் இழக்கவில்லை. கேப்டன் சுவராஜ் பிரகாஷுக்கும், சீஹாக் அணித் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. கப்பலைச் சேர்ந்த இன்னும் பன்னிரண்டு பேருக்கு வீர சக்கரம்.

டிசம்பர் 4 கடற்படை தினம் என்பது கராச்சியில் ஏவுகணைப் படகுகள் நடத்திய தாக்குதலுக்காக. அந்தப் பெருமையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே நாளில் கிழக்கே நடந்தது பேச்சில் அடிபடுவதே இல்லை. கப்பலும் இப்போது இல்லை. 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, 2014-ல் உடைக்கப்பட்டுவிட்டது. 2022-ல் கொச்சியில் சேர்ந்த புதுக் கப்பலுக்கு அதே பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் இன்றைய பிள்ளைகளிடம் விக்ராந்த் என்றால் புதுக் கப்பலைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். நாகர்கோவிலில் மக்கள் நடமாடும் அரசு இடம் ஒன்றில், மாவட்ட மைய நூலக வளாகமானாலும் சரி, கிருஷ்ணன் பெயரும் 1971-ல் விக்ராந்த் செய்த பணியும் தமிழில் பொறித்த ஒரு கல் வைக்க உத்தரவிட வேண்டும். சிலை வேண்டாம், சிலை வைத்தால் மாலை போடும் நாள் தவிர மற்ற நாட்களில் காக்கைக்குத்தான் பயன்படும். கல்லில் டாக்கா படம் செதுக்கி, அவர் நிற்கும் இடத்தைக் குறித்தால் போதும். கூடவே, பழைய விக்ராந்தின் மாதிரி ஒன்றை நூலகத்துக்குத் தரும்படி, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்துக்குத் தங்கள் அலுவலகம் வழியாக ஒரு கடிதம் போக வேண்டும். நான் எழுதினால் பதில் வராது, ஆட்சியர் எழுதினால் வரும்.

கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். தேதிகளையும் பெயர்களையும் கடற்படையின் வரலாற்றுப் பிரிவிடம் சரிபார்த்த பிறகே பொறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தப்பு விழுந்த கல்லைத் திருத்துவது கல் வைப்பதைவிடக் கஷ்டம். இடத்தைப் பார்வையிடவோ, விவரம் கேட்கவோ முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் சொல்லி அனுப்பினால் எந்த நாளும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: கல்வெட்டு வாசகத்தின் வரைவு, ஒரு பக்கம்.