மீட்கப்பட்ட பிறகு?

ஆசிரியருக்கு,

வணக்கம். பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் போலீசார் சோதனையில் பிடிக்கும்போது போடும் 'வெளிமாநில அழகிகள் மீட்பு' என்ற தலைப்பு நம் நாளிதழ்களுக்குப் பழகிப்போனது. மீட்கப்பட்டவர் பிறகு என்ன ஆனார் என்ற செய்தி வருவதேயில்லை. நடுவர் உத்தரவிட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகம். விடுதி நடத்துபவரிடம் கொடுத்து வைத்த பணம் அங்கேயே நின்றுவிடும். வெளியே வந்ததும் அதைக் கேட்டு அதே கதவைத்தான் தட்டுகிறார்கள்.

1956ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டம் பாலியல் தொழில் செய்வதையே குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பெண்கள் சேர்ந்து, தங்கள் இருவரின் வருமானத்துக்காக ஓர் அறையில் தொழில் செய்தால் அது 'விபச்சார விடுதி' ஆகிவிடும். மொழி தெரியாத ஊரில் ஒருத்திக்கு இன்னொருத்திதான் துணை. அந்தத் துணையே வழக்காகிறது. பயந்து தனியாக அறை எடுத்தால், வாடிக்கையாளர் அடித்தாலும் கேட்க நாதியில்லை. தரகர் வைத்ததே சட்டம்.

கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் இதற்கு வழி கண்டவர்கள் அந்தப் பெண்களே. 1995இல் 13 பேருடன் 'உஷா' என்ற சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் நன்னடத்தை உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று விதி குறுக்கே நின்றது. 'இல்லத்தரசி என்று எழுதிக்கொடுங்கள்' என்றார்கள் அதிகாரிகள். பெண்கள் மறுத்து, பாலியல் தொழிலாளர் என்றே பதிவு பெற்றார்கள். வசூலிப்பவர் வீடு வீடாக வந்து அன்றன்றைய சேமிப்பை வரவு வைக்கிறார். அன்றன்றைக்கு என்பதுதான் முக்கியம். கையில் தங்கும் காசை ரவுடியோ கந்துவட்டிக்காரரோ பிடுங்கிவிடுவார்கள். புதிதாக வரும் பெண்ணிடம் அவர்களின் சுயகட்டுப்பாட்டு வாரியம் பேசுகிறது. 18 வயது ஆகாதவரும் ஏமாற்றி அழைத்துவரப்பட்டவரும் அங்கேயே அடையாளம் காணப்படுகிறார்கள்.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, முகவரிச் சான்று இல்லாத பாலியல் தொழிலாளரும் ஆதார் பெறலாம். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் தரும் சான்றிதழை விண்ணப்பத்துடன் இணைத்தால் போதும். ஆதார் பதிவு எண்ணில் தொழிலைக் காட்டும் எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது. ஆதார் இருந்தால் வங்கிக் கணக்கு தொடங்கலாம்; பணத்தை விடுதிக்காரரிடம் கொடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் ஊராக மாறிக்கொண்டிருப்பவர் அந்தச் சங்கத்துடன் பணிசெய்யும் எந்தத் தொண்டு நிறுவனத்தின் பட்டியலிலும் இருக்கமாட்டார். அவருக்குச் சான்றிதழ் கிடைப்பது அங்கேயே தடைப்படுகிறது. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்களிலேயே விண்ணப்பம் வாங்க வேண்டும். இந்தி, வங்காளம், தெலுங்கில் அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

போலீஸ் சோதனையின்போது அந்தப் பெண்களின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. முகத்தைத் துப்பட்டாவால் மூடி வேனில் ஏறும் படத்தையும், 'அழகிகள்' என்ற சொல்லையும் உங்கள் நாளிதழ் இன்றே விட்டுவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பெண் தொழிலாளர் நலப் பணியாளர்கள் சிலர்,
சென்னை