காணும் பொங்கலுக்கு மலையேறலாம், அம்மா

ஹச்சியோஜி,
டோக்கியோ

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் விசா கைக்கு வந்துவிட்டது என்று தம்பி சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. போனில் சொன்னால் 'சரி சரி, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நீ வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காணும் பொங்கல் இந்த முறை வார விடுமுறையில் வருகிறது. அன்றைக்குப் பொழுது விடியும்போது நீயும் நானும் தகாவோ மலை உச்சியில் நிற்க வேண்டும். இதுதான் என் ஆசை.

மலை என்றதும் முட்டிவலியை இழுக்காதே. உன் முட்டியை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறேன்.

நான் இருக்கும் ஹச்சியோஜி, டோக்கியோவின் மேற்கு ஓரம். கட்டடங்கள் குறைந்து மலைகள் தொடங்கும் இடம். கடலூரில் பிறந்தவளுக்குச் சூரியன் என்றால் கடலிலிருந்து வருவதுதான், சில்வர் பீச்சில் எத்தனை விடியல் பார்த்திருப்போம். இங்கே வந்த புதிதில், ஜூன் மாதம் நாலரை மணிக்கு முன்பே வெயில் ஜன்னலில் அடித்ததும் கடிகாரம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பூமத்திய ரேகையிலிருந்து இவ்வளவு வடக்கே வந்துவிட்டால் கோடைக்கும் குளிருக்கும் அத்தனை வித்தியாசம். ஜூனில் 4.25-க்கு உதிக்கிற சூரியன் ஜனவரியில் 6.50-க்குத்தான் வருகிறது. விடியலைப் பார்க்க மலையேறுகிறவர்களுக்குக் குளிர்காலம் வசதி, நடுராத்திரியில் கிளம்ப வேண்டியதில்லை. ஜனவரியில் இங்கே காற்று காய்ந்து, வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். ஜூனில் மழைக்காலம், மேகம்தான் தெரியும்.

ஆபீசில் சிலர் 'அம்மா வருகிறார்களா, ஃபூஜி மலைக்குக் கூட்டிப்போ' என்கிறார்கள். அது 3,776 மீட்டர். ஏற அனுமதிக்கும் காலமே ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான். உயரத்தில் காற்று குறைந்து, இளவயதுக்காரர்களே தலைவலியும் வாந்தியுமாகத் திரும்புகிறார்கள். முதல் மலைக்கு அது வேண்டவே வேண்டாம். தகாவோ 599 மீட்டர். குழந்தைகளும் எழுபது வயதுப் பாட்டிகளும் ஏறுகிற மலை. உச்சியில் நின்றால் அந்த ஃபூஜியே மேற்கில் எதிரே தெரியும். நமக்கு வெளிச்சம் வருவதற்குள் அதன் பனி மேல் முதல் சிவப்பு விழுந்துவிடும், அவ்வளவு உயரம் அது. நீ கிழக்கேயே பார்த்துக்கொண்டு நிற்காமல் அந்த நேரத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஏறுவதற்குப் பல பாதைகள் இருக்கின்றன. ஓடையை ஒட்டிப் போகும் ஆறாம் பாதை அழகுதான், ஆனால் இருட்டில் ஈரக்கல் மேல் நடக்கக் கூடாது. நாம் போவது முதலாம் பாதை. பெரும்பாலும் சிமெண்ட் போட்ட அகலப் பாதை, நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மற்றவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறுவார்கள், நமக்கு இரண்டரை மணி நேரம் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்: முதல் பாதிதான் செங்குத்து. மூச்சு வாங்கும், நம்மால் முடியாது என்று தோன்றும். அந்த ஏற்றம் முடிந்து கசுமிதாய் என்ற இடத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் பாதை இளகிவிடும். அதனால் தொடக்கத்தில் பேச முடிகிற வேகத்தில்தான் நடக்க வேண்டும். பேசும்போது மூச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கசுமிதாயிலிருந்து கிழக்கே டோக்கியோ நகரம் முழுக்கத் தெரியும். உனக்குக் கால் ஓய்ந்துவிட்டால் அங்கேயே நின்று சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், எனக்கு ஒரு குறையும் இல்லை. எவ்வளவு தூரம் என்பதை அன்றைக்கு உன் உடம்பு சொல்லட்டும்.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் 108 படி, இன்னொரு பக்கம் படியில்லாத சரிவு. நாம் சரிவில் போவோம், இரண்டும் மேலே ஒன்றாகிவிடும். அப்புறம் யகுவோயின் கோயில். 744-ஆம் ஆண்டில் தொடங்கிய பௌத்தக் கோயில் அது. வாசலில் நீண்ட மூக்கும் இறக்கையுமாக, 'தெங்கு' என்று இவர்கள் சொல்லும் மலைத் தேவதைகளின் சிலைகள், நம்மூர் எல்லையில் ஐயனார் நிற்பதுபோல மலைக்குக் காவல். உள்ளே நெருப்பு வளர்த்து, குச்சிகளை இட்டு, மந்திரம் சொல்லி ஹோமம் செய்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. நீ அங்கே அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், இறங்கும்போது அதற்கும் நேரம் விட்டிருக்கிறேன்.

நெய்வேலிக்காரர் ஒருவர் பக்கத்தில் குடியிருக்கிறார். அவரும் அவர் மனைவியும் வருகிறார்கள், கார் அவர்களுடையது. முதல் ரயிலைப் பிடித்தால் விடியலுக்குள் மேலே போய்ச் சேர முடியாது. நாலே கால் மணிக்கு அடிவாரத்தில் நடக்கத் தொடங்கினால் ஆறே முக்காலுக்குள் உச்சி. மார்கழியில் நாலு மணிக்கு எழுந்து கோலம் போடுகிறவளுக்கு இது பெரிசா என்பாய். ஆனால் இந்தியாவை விட இங்கே மூன்றரை மணி நேரம் முந்தி. இங்கத்திய நாலே கால் என்பது உன் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டே முக்கால் மணி. அதனால்தான் பத்து நாள் முன்னதாகவே வா என்று தம்பியிடம் டிக்கெட் போடச் சொன்னேன். தூக்கம் இங்கத்திய நேரத்துக்குப் பழக வேண்டும்.

இறங்குவதுதான் முட்டிக்குக் கெடுதல். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க முட்டியில் இடிக்கும். அதனால் நடந்து இறங்குவது கொஞ்ச தூரம்தான். கசுமிதாய்க்குப் பக்கத்திலிருந்து கேபிள் கார் கீழே போகிறது. தண்டவாளத்தில் கம்பி இழுத்துப் போகும் வண்டி, ஜப்பானிலேயே அதிகச் செங்குத்தான ரயில்பாதை அது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும். கோயிலில் உட்கார்ந்துவிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கும்.

இப்போதிலிருந்தே நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாரத்தில் மூன்று நாள் திருவந்திபுரம் போ. ஹயக்ரீவர் மலைப்படிகளை நிதானமாக ஏறி இறங்கு. முதல் வாரம் ஒரு தடவை போதும், பிறகு இரண்டாக்கு. மற்ற நாட்களில் பீச்சில் வழக்கம்போல நட, செருப்போடு இல்லை, நீ வாங்கப் போகிற ஷூவோடு. அடிப்பாகம் வழுக்காத ஷூவாக இருக்கட்டும். தடித்த காலுறை போட்டுக் கடையில் நடந்து பார்த்து, விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்கும்படி வாங்கு. புது ஷூவோடு நேரே மலைக்கு வந்தால் கால் கொப்பளித்துவிடும்.

குளிரைப் பற்றி உனக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும். அந்த நேரத்தில் அடிவாரத்திலேயே பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், உச்சியில் அதற்கும் கீழே. பருத்தி மட்டும் வேண்டாம் அம்மா. வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் உடம்பு நடுங்கும். உள்ளே போட வெப்ப உடையும், கம்பளியும், காற்றுத் தடுக்கும் மேல்கோட்டும் நானே வாங்கி வைத்திருக்கிறேன். ஏறும்போது ஒன்றைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும், நின்றதும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் புடவைக்குப் பதில் சுடிதார். நெற்றியில் கட்டும் டார்ச் உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ரப்பர் முனை போட்ட கைத்தடியும் உண்டு.

இந்தக் குளிரில்தான் ஓர் அதிசயமும் நடக்கும். உச்சிக்கு அருகே நிழலான பக்கத்தில் ஒரு செடி. மேலே தண்டு காய்ந்த பிறகும் வேர் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். உறைகிற இரவில் அந்தத் தண்ணீர் தண்டைப் பிளந்து வெள்ளை ரிப்பன் மாதிரி சுருண்டு வெளியே வரும். வெயில் பட்டதும் கரைந்துவிடும். எல்லா நாளும் கிடைக்காது, தேடிப் பார்ப்போம்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் வேண்டாம், குளிரில் சோறு விறைத்துவிடும். பொடி தடவிய இட்லியும், ஃப்ளாஸ்கில் சுக்குக் காப்பியும் போதும். பண்ருட்டி முந்திரி வறுத்ததாகக் கொண்டுவா, நடக்கிறபோது கொறிக்க அதைவிட நல்லது இல்லை. மலையில் குப்பைத்தொட்டி கிடையாது, சாப்பிட்ட காகிதத்தைக்கூட வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும். கழிப்பறை உச்சியிலேயே இருக்கிறது, சுத்தமாக இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். எதிரே வருகிறவர்கள் தெரியாதவர்களாக இருந்தாலும் வணக்கம் சொல்வார்கள், நீ தமிழில் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலை குனிவார்கள்.

கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் காட்டி, மலையேறப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டுக்கொள். பிரஷர் மாத்திரைச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கு. ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரை கொண்டுவர இங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அதை நான் விண்ணப்பித்துவிடுவேன்.

இந்த வருஷம் ஆற்றுத் திருவிழாவுக்கு நீ ஊரில் இருக்கமாட்டாய். தென்பெண்ணையில் சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது தம்பியை வீடியோ கால் போடச் சொல், இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். சுருளிக்கிழங்கு எனக்காக அவன் ஒரு கிலோ சாப்பிடட்டும். அப்பாவுக்கு மலை வேண்டாம், குளிரும் ஆகாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு இளவேனிலில் டிக்கெட் போடுவேன், செர்ரி பூக்கும்போது சமதரையில் நடக்கலாம்.

ஷூ அளவு எழுதி அனுப்பு. கடலூரில் சரியானது கிடைக்காவிட்டால் தம்பி புதுச்சேரி போய் வாங்கி வரட்டும்.

உன் மூத்த மகள்