என் காரை வேறொருவர் விற்கும் விளம்பரம் குறித்து

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா (பெயர், தொலைபேசி எண், விளம்பர எண் இணைப்பில்)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு

பொருள்: திருட்டு விளம்பரத்தை அகற்றுவது, பதிவுகளை அழிக்காமல் வைப்பது, நான் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது

ஐயா / அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தளத்தில் நான் விற்பனைக்குப் போட்டிருந்த 2017 டொயோட்டா கொரோலா குவெஸ்ட் காரை, நான் எடுத்த படங்களையே வைத்து, முன்பின் தெரியாத ஒருவர் 98,000 ராண்டுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். கார் என் வீட்டில்தான் நிற்கிறது. நான் கேட்ட விலை 1,55,000. அந்த விளம்பரத்தை எடுங்கள் என்று பல தடவை எழுதினேன். கடைசியில் எடுத்தீர்கள், என்னுடையதை.

ஆங்கிலத்தில் அனுப்பிய புகார்களுக்கெல்லாம் இயந்திரப் பதில்தான் வந்தது. உங்கள் உதவி எண்ணில் ஒருமுறை ஒரு பெண் கிடைத்தார். என் பெயரைக் கேட்டதும் தமிழில் பேசினார், குறுக்கே பேசாமல் கேட்டார். "நடந்ததை முழுசா எழுதி அனுப்புங்க அண்ணா, தமிழ்லயே இருந்தாலும் பரவாயில்லை, நான் மேலே கொண்டுபோறேன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம் தமிழில். உங்கள் நிறுவனத்தில் எனக்கு நன்றி சொல்லத் தோன்றிய ஒரே ஆள் அவர்.

நடந்தது இதுதான். விளம்பரம் போட்ட கொஞ்ச நாளில் ஒருவர் வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்தார். கட்டட ஒப்பந்தக்காரர் என்றார். பேரமே பேசவில்லை. தன்னிடம் வேலை செய்யும் மேஸ்திரிக்குக் கார் வாங்கிக் கொடுப்பதாகவும், அதைச் சம்பளத்தில் கழிக்கப்போவதாகவும், அதனால் பார்க்க வருகிறவரிடம் விலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். பதிவுச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். நேரில் வந்தால் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டு முகவரியும், சனிக்கிழமை காலை வரலாம் என்ற தகவலும் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை லேடிஸ்மித்திலிருந்து ஒரு பெரியவர் தன் மருமகனோடு வந்தார். என்3 சாலையில் 200 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். விவரமான மனிதர். பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டான லைசன்ஸ் டிஸ்க்கில் அச்சாகியிருந்த சேசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பதிவுச் சான்றிதழைக் கேட்டார், காட்டினேன். கடன் முடிந்த வண்டி என்பதால் அதில் வங்கியின் பெயர் கிடையாது, எல்லா இடத்திலும் என் பெயர்தான். மருமகன் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இருவருக்கும் பிடித்துவிட்டது. என் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "மீதி 83,000-ஐ உங்க அத்தான் கணக்குக்கே போட்டுடட்டுமா, தம்பி?"

எனக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது.

98,000 ராண்ட் விளம்பரத்தைப் பார்த்துப் பேசிய பெரியவரிடம் அந்த வாட்ஸ்அப் ஆள் சொல்லியிருந்த கதை வேறு. கார் என் மச்சினனுடையது, எனக்குத் தர வேண்டிய கடனுக்காக அதை விற்றுக் கொடுக்கிறேன், ஏற்கெனவே மனவருத்தத்தில் இருக்கிறான், அவனிடம் போய் விலையைக் கிளறாதீர்கள் என்று. 'பிடித்து வைப்பதற்கு' என்று முந்தின நாளே 15,000 ராண்ட் முன்பணம் வாங்கியாயிற்று. பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் நானும் கூட்டாளி என்ற சந்தேகம் தெரிந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு உரையாடல்களையும் படித்தோம். எண் ஒன்றுதான். எனக்கு மேஸ்திரி கதை எழுதிய அதே கால் மணி நேரத்தில் அவருக்கு மச்சினன் கதை எழுதியிருக்கிறான். அப்புறம் மூவருமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம். கேஸ் நம்பர் இணைப்பில் இருக்கிறது. அவருடைய வங்கியின் மோசடிப் பிரிவில் கேட்டபோது, போட்ட அன்றே அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள்.

இனி உங்கள் பங்கு. புகார் பொத்தானை அழுத்தினால் முதலில் உங்கள் 'பாதுகாப்பான வர்த்தகக் குறிப்புகள்' பக்கம் வருகிறது. காரை நேரில் பாருங்கள், ஆவணங்களைச் சரிபாருங்கள், பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள் என்கிறது. நல்ல குறிப்புகள்தான். வெளிநாட்டில் இருக்கிறேன், கப்பலில் வேலை, கார் விமான நிலையக் கிடங்கில் இருக்கிறது என்று சொல்லும் பழைய மோசடிக்கு அவை போதும். இந்த மோசடிக்காரன் அந்தக் குறிப்புகளையே வைத்துத்தான் வேலை செய்கிறான். கார் உண்மை, டிஸ்க் உண்மை, சான்றிதழ் உண்மை, எதிரே நிற்கும் உரிமையாளரும் உண்மை. முன்பணத்தில் பயந்திருந்தவர்கூட இங்கே வந்து பார்த்ததும் நம்பி மொத்தத்தையும் அனுப்பிவிடுவார். பெரியவர் கணக்கைப் பற்றி என்னிடம் வாய்விட்டுக் கேட்டதால் மட்டுமே 83,000 தப்பியது. பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பணம் வாங்கும் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள் என ஒரு வரி அந்தப் பக்கத்தில் இல்லை. அதையாவது சேருங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரிது. வாங்க வருகிறவர் கண்ணில் படுவது ஒரு விளம்பரம். என் கண்ணில் படுவதும் ஒரு விளம்பரம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற இடத்தில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அவன் போட்ட படங்களின் மூலையில் உங்கள் தளத்தின் முத்திரை அப்படியே இருக்கிறது, அதாவது உங்கள் பக்கத்திலிருந்தே எடுத்து உங்களிடமே திரும்பப் போட்டிருக்கிறான். நம்பர் பிளேட்டில் டர்பன் வண்டி என்று காட்டும் 'என்டி' எழுத்துகளை மட்டும் மங்கலாக்கியிருக்கிறான். விளம்பர வாசகமும் என்னுடையதுதான். பின் பம்பரில் உள்ள கீறல் என் மகன் சைக்கிளால் இடித்தது என்று நான் எழுதியிருந்தேன். அவனுடைய மகனும் அதே இடத்தில் சைக்கிளால் இடித்திருக்கிறானாம்.

இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் வசதி இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. "ஒரே பொருளுக்கு இரண்டு விளம்பரம் இருப்பதால் உங்களுடையது மறைக்கப்பட்டது" என்று எனக்கு வந்த செய்தியே அதற்குச் சாட்சி. படங்கள் ஒன்று என்று உங்கள் இயந்திரம் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. பிடித்துவிட்டு, எது முதலில் வந்தது என்று பார்க்காமல், மேலே தெரிய அதிகக் கட்டணம் கட்டியவனுடையதை வைத்துக்கொண்டு என்னுடையதைத் தூக்கிவிட்டது. இத்தனைக்கும் நானும் மேலே தெரியப் பணம் கட்டியிருந்தேன். அவனுடைய விளம்பரத்தைப் பற்றிய என் புகாருக்கு வந்த பதில்: "பரிசீலித்தோம், எங்கள் விதிகளை மீறவில்லை."

அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக்கும் இருக்கிறது. சரிபார்க்கப்பட்ட விற்பனையாளராம். போனுக்கு ஓ.டி.பி. அனுப்பி வாங்குவதைத் தவிர இந்தச் சரிபார்ப்பில் வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், எனக்கும் அப்படித்தான் கொடுத்தீர்கள். ரிக்கா சட்டப்படி இந்த நாட்டில் ஒவ்வொரு சிம்முக்குப் பின்னாலும் ஓர் அடையாள எண்ணும் முகவரியும் இருக்க வேண்டும். அது நடக்கிற லட்சணம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட எண்ணை நம்பி டிக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல். லேடிஸ்மித் பெரியவர் அந்த டிக்கைப் பார்த்துத்தான் முன்பணம் அனுப்பினேன் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விளம்பரம் இருக்கிறவரை ஆட்களும் வருகிறார்கள். என் முகவரி அவனிடம் இருக்கிறதே. போன வாரம் டோங்காட்டிலிருந்து ஓர் இளைஞர் நான்கு நண்பர்களோடு வந்து கேட்டைப் பிடித்து உலுக்கினார். பணம் கட்டியாயிற்று, சாவியைக் கொடு என்றார். நான் அப்போது வேலையில் இருந்தேன், வீட்டில் என் மனைவியும் மாமியாரும் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பேசி அனுப்பினார்கள். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்து வருகிறவர் பேச்சோடு நிறுத்துவார் என்று உங்களால் உறுதி தர முடியுமா?

ஆகவே நான் கேட்பவை. அந்த விளம்பரத்தை உடனே எடுங்கள். அதே எண்ணிலும் அதே படங்களோடும் புதிதாக வருவதையும் தடுங்கள். 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு கேட்கிற விவரங்களோடு, கையெழுத்திட்ட அகற்றல் அறிவிப்பைத் தனியாக இணைத்திருக்கிறேன். பிறர் போடும் விளம்பரங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று உங்கள் நிபந்தனைகளில் எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட அறிவிப்பு கைக்கு வந்தபிறகும் தாமதமின்றிச் செயல்படாதவர்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது.

விளம்பரத்தை எடுக்கும்போது அதன் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். எந்த எண்ணிலிருந்து, எந்த இணைய முகவரியிலிருந்து நுழைந்தான், கட்டணத்தை எந்த அட்டையில் கட்டினான் என்பதெல்லாம் உங்களிடம்தான் இருக்கும். அவற்றை எனக்குத் தர வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அழைப்பாணையோடு காவல்துறை கேட்கும்போது அவை இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அழைப்பாணை வர நேரம் ஆகும். அதற்குள் "பழைய விளம்பரங்களின் தரவு நீக்கப்பட்டுவிட்டது" என்ற பதில் வரக் கூடாது. பாதுகாத்து வைத்திருக்கிறோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

அடுத்தது பணம். மேலே காட்டுவதற்காக நான் கட்டிய கட்டணத்துக்கு, நீங்கள் என் விளம்பரத்தையே மறைத்துவிட்டீர்கள். காரை விற்பது தனிநபர்களுக்கு இடையிலான வியாபாரம், அதில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வேலை இல்லை என்று உங்கள் சேவைப் பிரிவு ஒரு பதிலில் எழுதியது. காருக்கு அது சரி. நீங்கள் காசு வாங்கிக்கொண்டு எனக்குத் தருவதாகச் சொன்ன சேவைக்கு அது பொருந்தாது. அதே 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, சேவையில் குறை இருந்தால் சரிசெய்து தரவோ, பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ சொல்கிறது. மறைத்துவைத்த ஒரு விளம்பரத்தில் எந்தப் பகுதி நியாயம் என்று நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை. முழுவதையும் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்து பத்து வேலை நாட்களுக்குள் ஒரு மனிதர் கையெழுத்திட்ட பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளருக்கு இதே கடிதத்தையும் இணைப்புகளையும் அனுப்புவேன். அங்கே தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு. லேடிஸ்மித் பெரியவர் தன் பங்குக்குத் தனியாக எழுதுகிறார்.

என் விளம்பரத்தைத் திரும்பக் காட்ட வேண்டாம். காரை வேறு வழியில் விற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொரோலா குவெஸ்ட்டின் உரிமையாளர்,
சாட்ஸ்வொர்த்

இணைப்பு: அகற்றல் அறிவிப்பு, இரண்டு விளம்பரங்களின் திரைப்படிகள், வாட்ஸ்அப் உரையாடல், பதிவுச் சான்றிதழின் நகல், காவல்துறை கேஸ் நம்பர், கட்டண ரசீது